சமாச்சார்: நான்கு கம்பிகளை ஒன்றாக முறுக்கிய கதை

1975 ஜூன் 12, வியாழக்கிழமை காலை. டெல்லி சப்தர்ஜங் சாலை 1ஆம் எண் வீடு, அப்போதைய பிரதமர் இந்திரா காந்தியின் இல்லம். அங்கே இரண்டு டெலிபிரிண்டர்கள், அதாவது கம்பி வழியே வரும் செய்தியைத் தாளில் அடிக்கும் இயந்திரங்கள், இருந்தன. ஒன்று பிடிஐ (பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா) போட்டது, மற்றது யுஎன்ஐ (யுனைடெட் நியூஸ் ஆப் இந்தியா) போட்டது; இரண்டும் பத்திரிகைகளுக்குச் செய்தி தரும் ஏஜென்சிகள். இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லுமா என்ற வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பு சொல்லும் நாள் அது. பிரதமரின் தனிச் செயலர் என்.கே. சேஷன் இந்த இயந்திரத்துக்கும் அந்த இயந்திரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். பத்து மணியை ஒட்டி யுஎன்ஐ இயந்திரம் முந்திக்கொண்டது. இந்திரா பதவி இழந்தார் என்று பொருள்படும் ஒற்றை வரி. தாளைக் கிழித்துக்கொண்டு சேஷன் உள்ளே ஓடினார் என்று அந்தக் காலத்து டெல்லிப் பத்திரிகையாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாட்டின் பிரதமரே தன் தலையெழுத்தை ஒரு செய்தி ஏஜென்சியின் தாளில்தான் படித்தார். அதுவும் போட்டி போடும் இரண்டு ஏஜென்சிகளில் எது முதலில் அடிக்கிறதோ அதில். அடுத்த எட்டு மாதத்துக்குள் அந்தப் போட்டி இல்லாமல் போயிற்று. 1976 பிப்ரவரி 1 முதல் பிடிஐ, யுஎன்ஐ, ஹிந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி ஆகிய நான்கும் கலைந்து ‘சமாச்சார்’ என்ற ஒரே நிறுவனமாயின. 1978 ஏப்ரல் 14 அன்று அது மறுபடி நான்காகப் பிரிந்தது.

அவசரநிலையைப் பற்றிப் பேசும்போது தணிக்கை, மின்வெட்டு, கைது எல்லாம் வரும். இந்த இணைப்பு ஒரு வரியில் கடந்துபோகும். என்னைக் கேட்டால், அந்த 21 மாதங்களில் பத்திரிகைத் துறைக்கு நடந்தவற்றில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பூட்டை உடைக்காமல், சட்டம் எதுவும் போடாமல், ஒரு சுதந்திரமான கூட்டுறவு நிறுவனத்தைக் கையகப்படுத்துவது எப்படி என்று அது காட்டுகிறது. அதைப் புரிந்துகொள்ள, கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க வேண்டும்.

சிம்லா மலையில் பிறந்த யோசனை

வெள்ளையர் ஆட்சியில் அரசாங்கம் வெயில் காலத்தில் சிம்லாவுக்கு ஏறிவிடும், குளிர் வந்தால் கல்கத்தாவுக்கு இறங்கும். எந்தப் பத்திரிகைக்கும் இரண்டு ஊரிலும் ஆள் வைத்து, தந்திக்கும் பணம் கட்டிக் கட்டுப்படியாகாது. பல பத்திரிகைகளுக்கு ஒரே ஆள் எழுதினால் செலவு பங்காகும். இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தவர் கே.சி. ராய் என்ற வங்காளி நிருபர். அவரும் சில ஆங்கிலேயப் பத்திரிகையாளர்களும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தொடங்கியதுதான் அசோசியேட்டட் பிரஸ் ஆப் இந்தியா, சுருக்கமாக ஏபிஐ. சில ஆண்டுகளிலேயே அது லண்டன் செய்தி ஏஜென்சியான ராய்ட்டரின் கைக்குப் போய்விட்டது.

அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு இந்தியாவில் செய்தி என்றால் ராய்ட்டர் தரும் வெளிநாட்டுச் செய்தி, ஏபிஐ தரும் உள்நாட்டுச் செய்தி. இரண்டும் ஒரே வீட்டுச் சமையல். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏபிஐயின் சந்தாதாரர் பட்டியலில் பத்திரிகைகள் மட்டும் இல்லை, அரசாங்கமும் இருந்தது. அதிகாரிகளின் மேசைக்குச் செய்தித்தாள் போவதற்கு முன்பே ஏஜென்சியின் செய்திகள் போய்விடும், அதற்குக் கஜானாவிலிருந்து பணம் வரும். லஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது, சந்தாதான். ஆனால் மாதாமாதம் வரும் பெரிய தொகையை யார் கட்டுகிறார் என்பது செய்தி எழுதும் ஆளுக்குத் தெரியாமல் இருக்காது. காங்கிரஸ் கூட்டத்துக்கு எத்தனை வரி, வைஸ்ராயின் விருந்துக்கு எத்தனை வரி என்பதை அது மெதுவாகத் தீர்மானிக்கும்.

இதை எதிர்த்துக் கிளம்பியவர் எஸ். சதானந்த், தமிழர். 1920களின் பிற்பாதியில் அவர் ஃப்ரீ பிரஸ் ஆப் இந்தியா என்ற ஏஜென்சியை நடத்தினார். தேசிய இயக்கத்தின் செய்திகளைத் தந்தியில் பரப்பினார். அரசாங்கம் நெருக்கியது என்பது கதையின் பாதி. மறுபாதி அவராகவே வரவழைத்துக்கொண்டது. அவருடைய செய்தியைப் போடப் பத்திரிகைகள் பயந்தபோது, தானே பத்திரிகை தொடங்கினார். பம்பாயில் 1930இல் வந்த ஃப்ரீ பிரஸ் ஜர்னல் அப்படிப் பிறந்தது. செய்தி கொடுக்கிறவரே பக்கத்து வீட்டில் கடை போட்டால் மற்ற பத்திரிகைக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? சந்தாதாரர்கள் நழுவினார்கள், 1930களின் நடுவில் ஏஜென்சி நின்றது. அங்கிருந்து வெளியே வந்த பி. சென்குப்தா 1933இல் யுனைடெட் பிரஸ் ஆப் இந்தியாவைத் தொடங்கி, 1958 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடத்தினார். பணமில்லாமல் அதுவும் மூடியது.

சென்னையில் ஒரு பதிவு

சுதந்திரம் வந்து பன்னிரண்டாவது நாள், 1947 ஆகஸ்ட் 27 அன்று, சென்னையில் ஒரு நிறுவனம் பதிவானது: பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியா. டெல்லியில் இல்லை, பம்பாயில் இல்லை, சென்னையில். ஆவணத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களைப் பார்த்தால் காரணம் புரியும். தி இந்துவின் கஸ்தூரி சீனிவாசன், சுதேசமித்திரனின் சி.ஆர். சீனிவாசன், ஆனந்த விகடனின் எஸ்.எஸ். வாசன், காசா சுப்பாராவ், மெயில் பத்திரிகையின் ஹேல்ஸ், கூடவே பம்பாயிலிருந்து அதே சதானந்த். நாட்டின் தேசியச் செய்தி நிறுவனத்தின் பிறப்புச் சான்றிதழில் ஒரு தமிழ் வார இதழின் ஆசிரியரும் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது இன்று பலருக்குத் தெரியாது. கஸ்தூரி சீனிவாசன்தான் முதல் தலைவர்.

பதிவு செய்துவிட்டார்களே தவிர, கம்பியும் இயந்திரமும் ஆட்களும் ராய்ட்டரிடம்தான் இருந்தன. பேரம் லண்டன் வரை போயிற்று. 1949 பிப்ரவரி 1 அன்று ஏபிஐயின் வேலைகளைப் பிடிஐ எடுத்துக்கொண்டது. அப்போதும் ராய்ட்டரோடு ஒரு கூட்டு ஒப்பந்தம் தொடர்ந்தது. அது 1953இல் முடிந்த பிறகுதான் பிடிஐ முழுக்கத் தன் காலில் நின்றது. ராய்ட்டரின் உலகச் செய்தியைக் காசு கொடுத்து வாங்குவது மட்டும் மிச்சம்.

அமைப்பு எளிமையானது. பங்குகள் பத்திரிகைகளிடம். லாபம் பிரிப்பதில்லை, பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. இயக்குநர் குழுவின் தலைவர் பதவி சுற்றில் வரும். கட்டணம் பத்திரிகையின் விற்பனையைப் பொறுத்தது: பெரிய பத்திரிகை அதிகம் கட்டும், சின்னப் பத்திரிகை குறைவாகக் கட்டும், இருவருக்கும் போவது ஒரே செய்தி. கூட்டுறவுப் பால் சங்கம் மாதிரி, இங்கே பாலுக்குப் பதில் செய்தி.

ஏட்டில் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இருக்க முடியாது. அரசுக்கு ஒரு பங்குகூட இல்லை. எந்த முதலாளிக்கும் தனி ஆதிக்கம் இல்லை. முதல் பத்திரிகை ஆணையம் 1954இல் அறிக்கை தந்தபோது, ஏஜென்சி அரசின் கையில் இருக்கக் கூடாது, ஒன்றுக்கு மேற்பட்டவை போட்டியில் இருப்பது நல்லது என்ற திசையில்தான் பேசியது. அந்தப் போட்டி 1961 மார்ச் 21 அன்று வந்தது: எட்டு பத்திரிகைகள் சேர்ந்து யுஎன்ஐயைத் தொடங்கின. அந்த எட்டில் சில பிடிஐக்கும் பங்குதாரர்கள். ஒரே கடைக்காரரை நம்பியிருக்க வேண்டாம் என்ற வியாபார புத்திதான்.

ஹிந்துஸ்தான் சமாச்சார் 1948இல் எஸ்.எஸ். ஆப்தே தொடங்கியது, இந்திய மொழிகளுக்காக. தேவநாகரியில் அடிக்கும் டெலிபிரிண்டரை 1950களின் நடுவில் ஓட்டியது. சமாச்சார் பாரதி 1960களின் பிற்பாதியில் வந்தது. இரண்டும் கடைசிவரை பணத் தட்டுப்பாட்டிலேயே ஓடின.

கம்பியின் மறுமுனையில்

இணைப்பு எதை அழித்தது என்பது புரிய, ஏஜென்சி எப்படி வேலை செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கால டெலிபிரிண்டர் நிமிடத்துக்கு 60 சொச்சம் சொற்கள் அடிக்கும். நாள் முழுக்க நிற்காமல் ஓடினாலும் ஒரு லட்சம் சொல்லைத் தாண்டாது. நாடு முழுவதிலிருந்தும் வரும் செய்தி அந்த ஒற்றைக் கம்பிக்குள் வரிசை கட்டி நிற்கும். ஆகவே டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவரின் முதல் வேலை எழுதுவது இல்லை, எது முன்னே போகும், எது காத்திருக்கும், எது குப்பைக்கூடைக்குப் போகும் என்று முடிவு செய்வது. மிகப் பெரிய செய்தி என்றால் ‘ஃப்ளாஷ்’: ஓடிக்கொண்டிருக்கும் செய்தியை நிறுத்திவிட்டு, சந்தாதாரர் அலுவலகங்களில் மணி அடிக்க, ஒரு வரி. பின்னாலேயே இரண்டு மூன்று வரிகள், அப்புறம் ஒரு பத்தி, அப்புறம் முழுச் செய்தி. புது விவரம் வந்தால் தலைப்பகுதியை மட்டும் மாற்றி எழுதி ‘லீட்’ என்று அனுப்புவார்கள். தப்பான செய்தி போய்விட்டால் ‘கில்’ என்று ஓர் உத்தரவு போகும். அதைப் பார்த்ததும் ராத்திரி டெஸ்க்கில் இருப்பவர்கள் அச்சுக்கூடத்துக்கு ஓட வேண்டியதுதான்.

எழுதும் முறையும் இதற்கேற்ப அமைந்தது. முக்கியமானது முதல் பத்தியில். அடுத்ததில் யார் சொன்னது. பின்புலம் கடைசியில். ஏனென்றால் வாங்குகிற பத்திரிகையிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஏஜென்சிக்குத் தெரியாது. அவர்கள் கடைசிப் பத்தியில் தொடங்கி மேல்நோக்கி வெட்டிக்கொண்டே வருவார்கள். எங்கே வெட்டினாலும் செய்தி உடையக் கூடாது. அடைமொழி கூடாது என்பதற்கும் கொள்கையைவிட வியாபாரம்தான் பெரிய காரணம். இடதுசாரிப் பத்திரிகையும் வலதுசாரிப் பத்திரிகையும் ஒரே காப்பியை வாங்குகின்றன; இருவரும் திருப்பி அனுப்பாத மாதிரி எழுத வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தக் காப்பி ஆங்கிலத்தில் வந்து, உதவி ஆசிரியரின் மேசையில் தமிழாகும். பாரதி 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலைகளில் இந்த மொழிபெயர்ப்பும் ஒன்று. தந்தி என்ற சொல்லே செய்திக்கு இன்னொரு பெயராகி, பிறகு ஒரு நாளிதழின் பெயரில் போய் உட்கார்ந்தது. சென்னையிலும் மதுரையிலும் இருந்த பத்திரிகைகள் டெல்லியில் ஒரு நிருபரை வைத்திருக்கலாம், அல்லது அதுவும் இல்லாமல் இருக்கலாம். அசாம் வெள்ளத்துக்கும் பீகார் பஞ்சத்துக்கும் கம்பிதான் கதி. பெரிய ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு ஏஜென்சி ஒரு வசதி. மாவட்டத் தலைநகரில் அச்சாகும் பத்திரிகைக்கு அதுதான் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவே எல்லாமும்.

கம்பியின் நுனியைப் பிடித்தவர்கள்

1975 ஜூன் 25 நள்ளிரவில் அவசரநிலை. பகதூர்ஷா ஜாபர் மார்க்கில் இருந்த பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. வேறு வட்டாரத்திலிருந்து மின்சாரம் வாங்கிய ஸ்டேட்ஸ்மேன், இந்துஸ்தான் டைம்ஸ் மட்டும் அச்சாயின. ஆயிரம் பத்திரிகைகளை இப்படி அடக்குவது எவ்வளவு முரட்டு வேலை என்று அந்த ஒரு ராத்திரியே காட்டிவிட்டது. மின்கம்பி எந்த வட்டாரத்தில் போகிறது என்றெல்லாம் யாரும் யோசித்திருக்கவில்லை.

தகவல் அமைச்சராக இருந்த ஐ.கே. குஜ்ரால் மாற்றப்பட்டு வி.சி. சுக்லா வந்தார். அச்சகம் அச்சகமாகப் போவதைவிட, செய்தி கிளம்பும் இடத்தில் நின்றால் போதும் என்று புரிய அதிக நாள் ஆகவில்லை. ஏஜென்சியின் டெஸ்க் தணிக்கையாளர் பார்வையில் இருந்தால், நாட்டின் அத்தனை நாளிதழ்களின் உள்பக்கங்களும் சேர்ந்தே தணிக்கையாகிவிடும். ஆனால் இரண்டு ஏஜென்சிகள் போட்டி போடும்வரை ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் விட்டதை மற்றவர் கொடுத்துவிடுவார் என்ற பயம் இருவருக்கும் உண்டு; அந்தப் பயம் செய்தியைக் கொஞ்சமாவது வெளியே தள்ளும். ஜூன் 12 அன்று பிரதமர் வீட்டிலேயே அது நடந்தது.

சொல்லப்பட்ட காரணங்கள் வேறு. நான்கு நிறுவனங்களும் நிதியில் தள்ளாடுகின்றன. ஒரே கூட்டத்துக்கு நான்கு பேர் போகிறார்கள். இந்திய மொழிகள் புறக்கணிக்கப்படுகின்றன. உலக அரங்கில் இந்தியாவுக்கு ஒரு வலுவான குரல் வேண்டும். இவற்றில் எதுவும் முழுப் பொய் கிடையாது. ஹிந்துஸ்தான் சமாச்சாரிலும் சமாச்சார் பாரதியிலும் சம்பளம் கொடுப்பதே போராட்டமாக இருந்தது. தமிழுக்கோ வங்காளிக்கோ நேரடியாகச் செய்தி எழுதும் பெரிய ஏஜென்சி அன்று இல்லை என்ற குறையும் உண்மையே. இந்தக் காரணங்களை யாராவது 1970இல் சொல்லியிருந்தால் நல்ல விவாதமாகியிருக்கும். 1975இல், எதிர்ப்பு சொன்னால் மிசாவில் உள்ளே போகலாம் என்ற நிலையில், அதற்கு விவாதம் என்று பெயர் வைக்க முடியாது.

இணைப்புக்கெனச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. பங்குகள் பறிமுதல் ஆகவில்லை. அரசு கையில் இருந்தவை இரண்டு: அகில இந்திய வானொலியின் சந்தா, தபால் தந்தித் துறையின் டெலிபிரிண்டர் இணைப்புகள். ஏஜென்சிகளின் மிகப் பெரிய ஒற்றை வாடிக்கையாளர் வானொலி. ஏஜென்சிகள் செய்தி அனுப்பும் கம்பிகள் அரசுத் துறையிடம் வாடகைக்கு எடுத்தவை. அதில் பாக்கியும் இருக்கும். ஒரு பக்கம் வர வேண்டிய பணம் வராமல், மறு பக்கம் கட்ட வேண்டிய பணத்துக்கு நெருக்கடி வந்தால் எந்த நிறுவனமும் எத்தனை வாரம் தாங்கும்? சந்தா நிற்கும் என்ற சமிக்ஞையே போதுமாக இருந்தது. ஜனதா அரசு 1977 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இந்த நெருக்குதல்கள் பதிவாகியிருக்கின்றன. இயக்குநர் குழுக்கள் ‘தாமாக முன்வந்து’ தீர்மானம் நிறைவேற்றின. 1976 ஜனவரி 24 அன்று சமாச்சார் ஒரு சங்கமாகப் பதிவானது. பிப்ரவரி 1 முதல் செய்தியின் தொடக்கத்தில் பிடிஐ, யுஎன்ஐ என்ற எழுத்துகள் காணாமல் போயின.

நிர்வாகக் குழுவின் தலைவர் தி இந்துவின் ஜி. கஸ்தூரி. பிடிஐயின் முதல் தலைவர் கஸ்தூரி சீனிவாசனின் தம்பி மகன். பெரியப்பா சென்னையில் பதிவு செய்து தொடங்கி வைத்ததை ஒரு தலைமுறைக்குப் பிறகு மகன் முறை உள்ளவர் கரைத்து வைத்தார் என்று எளிதாக எழுதிவிடலாம். அது நியாயமாக இருக்காது. அவர் மறுத்திருந்தால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார், அந்த வேறொருவர் பத்திரிகைக்காரராக இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஆனாலும் பத்திரிகை முதலாளிகளில் பெரும்பாலோர் அந்தத் தீர்மானங்களுக்குக் கை தூக்கியவர்கள் என்பதை மறைக்கவும் முடியாது. அரசுக்கு ஒரு பங்குகூட இல்லாத நிறுவனத்தில் கை தூக்கியது பங்குதாரர்கள்தான்.

பேசாத இயந்திரம்

சமாச்சார் என்ன செய்தி கொடுத்தது என்பதைவிட, என்ன கொடுக்கவில்லை என்று பார்ப்பது சுலபம். 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டு, துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே டெல்லியில்தான் இருந்தார்கள் சமாச்சாரின் நிருபர்கள். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ காலையில் பேப்பர் படித்தவருக்கு அங்கே நடந்தது தெரியவில்லை. வெளிநாட்டு வானொலி கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்தது. கட்டாயக் கருத்தடைக்கும் இதே கதை. வந்ததெல்லாம் இருபது அம்சத் திட்டம், அமைச்சர் உரை, உற்பத்தி உயர்வு.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விநோதத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1976 ஜூலையில் டெல்லியில் அணிசேரா நாடுகளின் தகவல் அமைச்சர்கள் கூடினார்கள். மேற்கத்திய ஏஜென்சிகள் மூன்றாம் உலகை ஒருதலையாகக் காட்டுகின்றன, நமக்குள் செய்தியைப் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று பேசினார்கள். யுகோஸ்லாவியாவின் செய்தி ஏஜென்சியான தான்யுக் முந்தைய ஆண்டே தொடங்கி வைத்த ஏற்பாடு அது. இந்தியாவின் சார்பில் அதில் பங்கெடுத்தது சமாச்சார். உலகச் செய்தியில் ஒற்றைக் குரல் ஆபத்து என்று வாதாடிய நாட்டின் பிரதிநிதி, உள்ளூரில் ஒற்றைக் குரலாக ஆக்கப்பட்ட நிறுவனம். மேற்கத்திய ஏஜென்சிகளைப் பற்றிய புகாரில் உண்மை இருந்தது. ராய்ட்டரிடம் முப்பது ஆண்டு பட்டவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சொல்லும் வாய்தான் கட்டப்பட்டிருந்தது.

சமாச்சாரின் ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேற்றுவரை ஒருவரையொருவர் முந்தத் தொலைபேசிக்கு ஓடிய பிடிஐ ஆளும் யுஎன்ஐ ஆளும் ஒரே மேசையில். சம்பள விகிதம் வேறு, பணிமூப்புக் கணக்கு வேறு, எழுதும் பாணி வேறு. ஹிந்துஸ்தான் சமாச்சாரிலிருந்து வந்தவர்களுக்கு ஊதியம் உயர்ந்தது என்ற லாபம் இருந்தது. பிரிக்கும்போது அதுவே சிக்கலாகவும் ஆனது.

பிரித்தது எப்படி

1977 மார்ச் தேர்தலில் இந்திரா தோற்றார். ஜனதா அரசில் தகவல் அமைச்சர் எல்.கே. அத்வானி. சமாச்சாரை என்ன செய்வது என்று சொல்ல ஒரு குழு போடப்பட்டது. தலைவர் குல்தீப் நய்யார்: யுஎன்ஐயை நடத்திய அனுபவம் உள்ளவர், அவசரநிலையில் சிறைக்குப் போனவர். அப்படிப்பட்டவர், பழையபடி நான்காகப் பிரித்துவிடுங்கள் என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்ப்போம். அவர் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு ‘சந்தேஷ்’, இந்திய மொழிகளுக்கு ‘வார்த்தா’ என்று இரண்டு நிறுவனங்கள், வெளிநாட்டுக்கு இரண்டும் சேர்ந்து நடத்தும் ‘நியூஸ் இந்தியா’ என்று குழு பரிந்துரைத்தது.

இந்தப் பரிந்துரையை இன்று யாரும் பேசுவதில்லை. எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது. பழைய நோய் என்ன என்று குழுவுக்குத் தெரிந்திருந்தது: பணமில்லாத நான்கு நிறுவனங்கள், ஆங்கிலத்தின் காலடியில் மொழிகள். பழைய நான்கையும் திருப்பிக் கொண்டுவந்தால் பழைய பலவீனமும் கூடவே வரும். ஆனால் அரசே ஒரு வரைபடம் போட்டு ஏஜென்சிகளை மறுபடி வெட்டி ஒட்டினால், சுக்லா செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி வரும். அரசு குழுவின் திட்டத்தைத் தள்ளிவிட்டு, 1978 ஏப்ரல் 14 அன்று நான்கையும் பழையபடி பிரித்துவிட்டது.

குழு பயந்தது நடந்தது. மொழிகளுக்கான இரண்டு ஏஜென்சிகளும் 1980களைத் தாண்டவில்லை. சமாச்சார் பாரதி போயே போய்விட்டது, ஹிந்துஸ்தான் சமாச்சார் முடங்கி 2000களில்தான் மறுபடி எழுந்தது. யுஎன்ஐ 1982இல் ‘யூனிவார்த்தா’வையும், பிடிஐ 1986இல் ‘பாஷா’வையும் தொடங்கின, இரண்டும் இந்தி. யுஎன்ஐ 1992இல் உருதும் சேர்த்தது. தமிழ் டெஸ்க்குகள் ஆங்கிலக் காப்பியை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தன.

பழைய கட்டணச் சீட்டு

அதன் பிறகு தொழில்நுட்பம் மாறியது: கணினி, செயற்கைக்கோள், இணையம். டெலிபிரிண்டர் சத்தம் அடங்கியது. 2018 செப்டம்பரில் பிடிஐ பத்திரிகையாளர் அல்லாத 297 ஊழியர்களை ஒரே நாளில் நிறுத்தியது; அவர்களில் பலருடைய வேலை அந்தப் பழைய இயந்திரங்களோடு பிறந்தது. மாறாமல் இருந்தது சந்தா. வானொலியும் தூர்தர்ஷனும் பிரசார் பாரதியின் கீழ் வந்தன. பிடிஐக்கும் யுஎன்ஐக்கும் அது பெரிய வாடிக்கையாளராகத் தொடர்ந்தது.

2020 ஜூன் 15 அன்று இந்திய-சீன எல்லையில் கல்வானில் மோதல். சில நாள் கழித்து, டெல்லியில் இருந்த சீனத் தூதரைப் பிடிஐ பேட்டி எடுத்தது. மோதல் நடக்கும்போது எதிர்த்தரப்பின் பிரதிநிதி என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுவது ஏஜென்சியின் அன்றாட வேலை. பெய்ஜிங்கில் இருந்த இந்தியத் தூதரிடமும் பிடிஐ பேசியது. பிரசார் பாரதியிலிருந்து ஒரு கடிதம் போனது, உறவை மறுபரிசீலனை செய்வதாக. ஜூலையில் இன்னொரு கடிதம், இந்த முறை மத்திய அரசின் நில மேம்பாட்டு அலுவலகத்திலிருந்து: நாடாளுமன்றத் தெருக் கட்டடத்தின் குத்தகை நிபந்தனைகளை மீறியதற்காக 84.48 கோடி ரூபாய் கேட்டு. அக்டோபரில் பிரசார் பாரதி பிடிஐ, யுஎன்ஐ இரண்டின் சந்தாவையும் முடித்துக்கொண்டு, புதிதாக ஒப்பந்தப்புள்ளி கேட்கப்போவதாகச் சொன்னது.

கட்டணம் அதிகம் என்று நெடுநாளாகவே பிரசார் பாரதி முனகிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்குச் சந்தாவை நிறுத்த உரிமை இல்லையா என்றால், உண்டு. கடிதங்கள் வந்த தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் 1975 ஞாபகம் வருகிறது.

முன்னதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு முக்கியமானது. அன்று வானொலிச் சந்தா நின்றால் பிடிஐக்கு மூச்சு முட்டும். 2020க்குள் தனியார் பத்திரிகைகள், தொலைக்காட்சிகள், இணையதளங்கள், பங்குச் சந்தைச் செய்தி வாங்குவோர் என்று வருமானம் பரவியிருந்தது. பிடிஐ தாங்கியது. யுஎன்ஐ ஏற்கெனவே இளைத்திருந்தது. பெரிய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக விலகிய வீட்டில், அரசுச் சந்தாதான் விளக்கு எரிய வைத்துக்கொண்டிருந்தது. 2023இல் அது திவால் நடைமுறைக்குள் போனது.

அதே 2023 பிப்ரவரியில் பிரசார் பாரதி தன் அன்றாடச் செய்திக்குப் புது ஒப்பந்தம் போட்டது, 1976இல் கரைந்த நான்கில் ஒன்றான ஹிந்துஸ்தான் சமாச்சாருடன். பிடிஐ அந்த ஆண்டு வீடியோச் செய்திக்கு ஆள் எடுத்து, கேமரா வாங்கி, தொலைக்காட்சிச் சேனல்களிடம் சந்தா கேட்கக் கிளம்பியது.